மருதநிலத்துப் புதிய பறை: சப்ஊஃபர் இணைப்பியல் குறித்து ஒரு முன்னாய்வு

பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அதற்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வேதம், மீமாம்சை, நியாயம், புராணம் என்று பதினான்கு வித்தைகள் அங்கே நடந்ததாக அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். பதினைந்தாவதாக ஒன்று விடுபட்டுப் போயிற்று. சின்ன வீட்டில் இருக்கும் சின்ன ஸ்டீரியோவோடு சப்ஊஃபரை இணைக்கும் வித்தை அது. செப்பேடு வெட்டியவரைக் குறை சொல்ல முடியாது. மின்சாரம் வரவே இன்னும் ஆயிரம் ஆண்டு இருந்தது.

விடுபட்டதை நிரப்பப் புதிய ஆய்வுமுறை எதுவும் வேண்டாம். முதல், கரு, உரி என்று தொல்காப்பியர் வகுத்ததே போதும். பாகூர் பெரிய ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த ஊர். ஐயத்துக்கு இடமில்லாத மருதம். மருதத்துக்குரிய பறை எது என்றால் மணமுழா, நெல்லரிகிணை என்று இலக்கணம் பதில் வைத்திருக்கிறது. ஒன்று கல்யாணத்துக்கு, மற்றது அறுவடைக்கு. அறுவடையை எந்திரம் எடுத்துக்கொண்டது, கல்யாணத்தை வாடகை சவுண்டு சர்வீஸ் எடுத்துக்கொண்டது. காலியான அந்த இடத்தில் எட்டங்குல ஊஃபர் ஏறி உட்கார்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

முதற்பொருளில் நிலம் என்பது இங்கே அறை. கூரை வீட்டில் பேஸ் தங்காது. கீற்றும் தட்டியும் அந்தக் கனத்த ஒலியைத் தடுக்கும் எடை உள்ளவை அல்ல; பாதிக்கு மேல் தெருவுக்குப் போய்விடும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கூரைகள் கல்வீடுகளாக மாறியபோது, ஒலியியல் நோக்கில், வெளியே போய்க்கொண்டிருந்த பேஸ் வீட்டுக்குள் சிறைப்பட்டது. அரசின் வீட்டுத் திட்டங்களை ஆராய்ந்தவர்கள் இந்த விளைவைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

நம் கட்டடக்காரர்களுக்குப் பிடித்த அறை பத்தடிக்குப் பத்தடி. தளமும் பத்தடி உயரத்தில் அமைந்துவிட்டால் அறை சரியான கனசதுரம். இங்கேதான் வினை. முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். பத்தடி என்பது 3.05 மீட்டர், எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்ப 6.1 மீட்டர். வகுத்துப் பார்த்தால் 57 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் அறையே கூடச் சேர்ந்து பாடும். நீளம் தனியாக, அகலம் தனியாக, உயரம் தனியாக வேறு வேறு சுருதியில் பாடினால் காது சமாளித்துக்கொள்ளும். கனசதுரத்தில் மூன்றும் ஒரே சுருதி. பேஸ் கிட்டாரில் ‘ஏ’ தந்தியை வெறுமனே மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். ஆக, இளையராஜா எவ்வளவோ யோசித்து எழுதிய பேஸ் வரிசையில் அந்த ஒரு சுரம் மட்டும் ‘தூம்’ என்று வீங்கி வர, பக்கத்துச் சுரங்கள் வந்ததே தெரியாமல் போகும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. இந்த 57 ஹெர்ட்ஸ் அதிர்வின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சமாகவும் அறையின் நட்டநடுவில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமலும் இருக்கும். வீட்டுக்காரர் ஃபேனுக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு “பேஸ் பத்தல” என்று குமிழைத் திருகுகிறார். மூலையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் ஆயாவுக்கோ நெஞ்சுக்கூடு அதிர்கிறது. இருவர் சொல்வதும் உண்மை. இந்த ஒரு செய்தி பரவினாலே பல குடும்பங்களில் பேச்சுவார்த்தை மீளும்.

பரிகாரம் எளிது, பார்க்கத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நாற்காலி இருக்கும் இடத்தில் சப்ஊஃபரை வைத்துப் பாட்டைப் போட வேண்டும். பிறகு கேட்பவர் சுவரோரமாகத் தவழ்ந்து போய், எந்த இடத்தில் பேஸ் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு மாறாது என்பது விதி. ரேலி பிரபு தம் ஒலியியல் நூலில் அதை நிறுவியிருக்கிறார். அந்நூலின் முதற்பாகம் வெளிவந்தது 1877-இல். வில்லியனூர் லூர்து மாதா திருத்தலம் எழுந்த ஆண்டும் அதுவே. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆய்வுக் கட்டுரை என்றால் இப்படி ஒரு வரி இருப்பது மரபு.

கருப்பொருளுக்கு வருவோம். சின்ன ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் சப்ஊஃபருக்கென்று தனி அவுட் இருக்காது. அப்போது ஸ்பீக்கர் ஒயரையே முதலில் சப்ஊஃபருக்குக் கொண்டுபோய், அதில் ‘ஹை லெவல்’ என்று போட்டிருக்கும் இடத்தில் செருகலாம். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் ஒயர் மாறிவிட்டால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் தன்னைத்தானே தின்றுவிடும். கட்-ஆஃப் குமிழை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைப்பது வழக்கம். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. அதனால்தான் பெட்டியைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்தும் வைக்க முடிகிறது. விலையை வீட்டில் சொல்லாதவர்களுக்கு இது கூடுதல் வசதி.

பழைய பானைக் கோட்பாட்டாரையும் மறக்கக் கூடாது. மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துக் கட்டும் மரபினர் அவர்கள். கோனின் பின்புற ஒலி முன்புற ஒலியோடு கலந்து அதை அழித்துவிடாமல் பானை தடுக்கிறது. உருண்டை வடிவில் எதிரெதிர்ச் சுவர்களும் இல்லை. ஆனால் சின்னப் பானைக்குள் காற்று குறைவு. கோன் தாராளமாக அசையாது, அடி பேஸ் இறங்காது. சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே வாங்கிய வில்லியனூர் கொஞ்சம் மனம் வைத்தால் ஒரு குதிர் அளவில் செய்து பார்க்கலாம்.

பொழுது பற்றி ஒரு சிக்கல். மருதத்தின் சிறுபொழுது வைகறை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45. இங்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த அளவு மனிதக் காதைப் பின்பற்றிய ‘ஏ’ நிறைமுறையில் எடுக்கப்படுகிறது. அது 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறக்குறைய 30 டெசிபல் தள்ளுபடி கொடுத்துவிடும். மீட்டர் பேசாமல் இருக்கும்போதே பக்கத்து வீட்டு எவர்சில்வர் தட்டுகள் அலமாரியில் பேச ஆரம்பித்துவிடும்.

அங்கே தொடங்குவதுதான் உரிப்பொருள். மருதத்துக்கு அது ஊடல் என்று முன்னோர் வைத்தது எவ்வளவு பொருத்தம்! சங்க மரபில் ஊடல் தீர்க்கப் பாணனோ தோழியோ வாயிலாக வருவார்கள். இங்கே பக்கத்து வீட்டுச் சிறுவன் வருகிறான்: “ணா, அம்மா சவுண்ட கொறைக்கச் சொன்னாங்க.” குறைத்தால் வாயில் நேர்தல், குறைக்காவிட்டால் வாயில் மறுத்தல். வந்த பையன் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பாட்டு என்ன என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அதற்குத் துறைப்பெயர் இன்னும் வகுக்கப்படவில்லை.