தூரத்துக் கறுப்புக்குக் கைதட்டு

1936இல் பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றார். ஹிட்லர் முகத்தில் கரி. இந்தக் கதையைச் சொல்லாமல் நம் பள்ளி விளையாட்டு விழா மேடையிலிருந்து எந்தச் சிறப்பு விருந்தினரும் இறங்குவதில்லை. சொல்லி முடித்ததும் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். தட்டுகிறவர்களில் பாதிப் பேர் மகனுக்குச் சிவப்பான பெண்ணாக, சொந்தச் சாதியில், தேடிக்கொண்டிருப்பவர்கள். சிறப்பு விருந்தினரும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

வெள்ளைக்காரனின் நிறவெறி நமக்கு ரொம்பப் பிடித்த குற்றம். செய்தவன் வேறு ஆள். கண்டிக்கச் செலவில்லை. கண்டித்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.

கோலார் தங்கவயலில் நின்று இந்தக் கைதட்டலைக் கேட்டால் சிரிப்பும் வருகிறது, வேறு ஒன்றும் வருகிறது. கேஜிஎஃப் என்றால் இன்று நாட்டுக்கு நினைவு வருவது அந்தப் பெயரில் வந்த படமும் அதில் யஷ்ஷின் தாடியும். எங்களுக்கு நினைவு வருவது வேறு. இங்கே நிறமும் சாதியும் ஒரே கம்பெனியில் பங்காளிகள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கடை விரித்தது. மேலே பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். 'குட்டி இங்கிலாந்து' என்று செல்லப் பெயர். கீழே வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த எங்கள் தாத்தாக்கள். பெரும்பாலும் சேரிக்காரர்கள். பாறையை உடைக்க வெள்ளைக்காரனுக்கு உடம்பு வளையாது, மேல்சாதிக்கு மனசு வளையாது. தாத்தாக்களுக்கு வளைந்தே ஆகவேண்டியிருந்தது. அவர்கள் குடியிருந்தது தட்டிக் குடிசை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஆசியாவே வாய் பிளந்தது என்பார்கள். அந்த மின்சாரத்தைக் கேட்டது மைன்ஸ், குடிசை அல்ல.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 1965இல் விஞ்ஞானிகள் அதற்குள் கருவி வைத்து நியூட்ரினோவைப் பிடித்தார்கள். கண்ணுக்கே தெரியாத துகள். பூமியையே துளைத்துக்கொண்டு போகிற துகள். அதையே கண்டுபிடித்தாகிவிட்டது. பக்கத்தில் சிலிக்கா தூசியைச் சுவாசித்து நுரையீரல் கல்லாகி நின்ற ஆளை எந்தக் கருவியிலும் பதிவு செய்ய முடியவில்லை.

ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிற தொழிலாளியின் உடம்பைத் தடவித்தான் வெளியே விடுவார்கள். தங்கம் ஒளித்திருப்பானோ என்ற சந்தேகம். நூற்றிருபது வருடத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் இந்த மண்ணிலிருந்து போனது. அது எங்கே போனது என்று யார் உடம்பையும் யாரும் தடவிப் பார்க்கவில்லை. 1930இல் கம்பெனி இன்னொரு படி ஏறியது. எல்லாரும் கைரேகை வைக்கவேண்டும் என்றது. திருடர்களுக்கு வைக்கிற மரியாதை. ஆயிரக்கணக்கான பேர் கருவியைக் கீழே போட்டார்கள்.

உடம்பைச் சோதிப்பது சுரங்கத்தோடு முடிந்துவிடவில்லை. 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சியிலிருந்து வந்த சாந்தி சௌந்திரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். தலித் பெண். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள். மறுநாள் மருத்துவக் குழு உட்காரவைத்தது. என்ன சோதனை, எதற்குச் சோதனை என்று தமிழில் சொல்ல ஒருவரும் இல்லை. நீ பெண் இல்லை என்று தீர்ப்பு. பதக்கம் பறிப்பு. செய்தி அவருக்குப் போகிற வேகத்தைவிட வேகமாகத் தொலைக்காட்சிக்குப் போனது. 800 மீட்டரைவிட வேகமான ஓட்டம் அது.

நம் ஒலிம்பிக் சங்கம் என்ன செய்தது? எதிர்த்ததா? மேல்முறையீடு? வக்கீல்? ஒன்றும் இல்லை. கோட்டும் பேட்ஜும் போட்டுக்கொண்டு விமானமேறிய நம் அதிகாரிகள் கோட்டும் பேட்ஜும் கசங்காமல் திரும்பி வந்தார்கள். முதலமைச்சர் கருணாநிதி அறிவித்த 15 லட்சத்தைப் பிடித்தம் செய்யாமல் கொடுத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் சில வருடங்களில் ஆசியாவின் வெள்ளிப் பெண் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நின்றார். பெற்றோர் வேலைக்கு வாரிசு கிடைத்துவிட்டது. நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கைக்கு வர பத்து வருடம் ஆனது.

இப்போது பெர்லினுக்குத் திரும்பலாம். 2009. ஓவன்ஸ் ஓடிய அதே மைதானம். தென்னாப்பிரிக்காவின் குக்கிராமத்துப் பெண் காஸ்டர் செமன்யா, வயது 18, அதே 800 மீட்டரில் உலகப் பட்டம் வென்றார். மாடத்தில் ஹிட்லர் இல்லை. அவர் இடத்தை மருத்துவர்கள் நிரப்பிவிட்டார்கள். மார்பும் தோளும் குரலும் உலகத் தொலைக்காட்சியில் அலசப்பட்டன. அதே சந்தேகம், அதே சோதனை.

வித்தியாசம் ஜொகானஸ்பர்க் விமான நிலையத்தில் தெரிந்தது. ஆயிரக்கணக்கில் ஜனம். ஆட்டம், பாட்டம். அந்த நாட்டு விளையாட்டு அமைச்சர், அவளை விலக்கினால் மூன்றாம் உலகப் போர்தான் என்றே பேசினார். கொஞ்சம் கூடுதலான பேச்சுதான். இருக்கட்டும். நம் அமைச்சர் ஒரு தெருச்சண்டைக்குக்கூடத் தயாராக இல்லையே. அங்கும் யோக்கியர்கள் மட்டும் இல்லை. அவர்களுடைய தடகளச் சங்கத் தலைவர், முன்கூட்டியே ரகசியமாகச் சோதனை நடத்திவிட்டு, நடக்கவே இல்லை என்று புளுகினார். பிடிபட்டார். பதவி போனது. இங்கே யாரும் புளுகவில்லை. கேள்வி கேட்க ஆள் இருந்தால்தானே புளுகுவதற்கு.

செமன்யா பதக்கத்தை விடவில்லை. லண்டன் ஒலிம்பிக்கில் கொடி பிடித்தார். 2016 ரியோவில் தங்கம். முதல் மூன்று இடமும் ஆப்பிரிக்கப் பெண்களுக்கு. ஐந்தாவது வந்த போலந்துக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? தான் வெள்ளி வென்றதுபோல உணர்வதாக, முதல் ஐரோப்பியர், இரண்டாவது வெள்ளையர் தான்தான் என்பதில் மகிழ்ச்சி என்று. கணக்கில் புலி. முன்னால் ஓடிய மூன்று கறுப்புப் பெண்களைக் கழித்துவிட்டார். ஓடிப் பிடிக்க முடியாதவர்களைக் கழித்தலால் பிடிப்பது எளிது. இரண்டு வருடத்தில் உலகத் தடகளச் சங்கமும் அதே கழித்தலை விதியாக எழுதியது. 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரை ஓடவேண்டுமானால் மாத்திரை தின்று உடம்பின் இயற்கையான ஹார்மோனைக் குறைத்துக்கொண்டு வா. செமன்யா மாட்டேன் என்றார். வழக்குமேல் வழக்கு. 2025 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம், சுவிஸ் நீதிமன்றம் அவரை நியாயமாக விசாரிக்கவில்லை என்று 15க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. விதி தளரவில்லை, இன்னும் கடுமையாகத்தான் ஆகியிருக்கிறது. ஆனால் தோற்றவர் யார் என்று எழுத்தில் வந்துவிட்டது.

நம் ஊரிலும் 2014இல் ஓட்டக்காரர் டூட்டீ சந்தை இதே ஹார்மோன் காரணம் சொல்லி ஒதுக்கியபோது அரசு விழித்தது. அவர் பின்னால் நின்றது. லொசானில் உள்ள நடுவர் மன்றம் அடுத்த ஆண்டு அன்றிருந்த ஹார்மோன் விதியையே நிறுத்திவைத்தது. நல்ல காரியம். அந்த வக்கீல்களெல்லாம் 2006இல் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்களோ. சாந்தியின் வெள்ளி திரும்பி வரவில்லை.

நமக்குத் தியாகம் தெரியாது என்று சொல்லக்கூடாது. 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு இந்தியா போனது. சென்னைப் பிள்ளைகள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அணியில். எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆடமாட்டோம் என்று அரசு சொன்னது. கோப்பையே போனது. செய்தது சரிதான், அதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. கடல் தாண்டி இருந்த கறுப்பருக்காக டேவிஸ் கோப்பையை விட்டோம். தெருத் தாண்டி இருந்தவருக்கு டீக் கோப்பையைக் கொடுத்தோமா?

பால்வாங்கர் பாலு. இதே கர்நாடகத்தின் தார்வாடில் பிறந்த சுழற்பந்துக்காரர். சமார் சாதி. புனாவில் வெள்ளைக்காரர்களின் ஆடுகளத்தை உருட்டிக் கொடுத்து, அவர்களுக்கு வலையில் பந்து போட்டவர். வெள்ளைக்காரர்களை ஜெயிக்கவேண்டும் என்ற வெறி வந்தபோது இந்து அணிக்கு அவர் வேண்டியிருந்தார். மைதானத்தில் பிராமணர் பிடித்த பந்தை இவர் வாங்குவார், இவர் தொட்ட பந்தை அவர் வாங்குவார். பந்துக்குத் தீட்டில்லை. தேநீர் இடைவேளை வந்தால் சாஸ்திரம் விழித்துக்கொள்ளும். இவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட். அணித்தலைவர் பதவி? அதற்குச் சுழற்பந்து போதாது, பூணூல் வேண்டும். 1920இல் வரிசையில் நின்ற அவர் தம்பி விட்டலைத் தாண்டித் தலைமை வேறொருவருக்குப் போனபோது, தம்பிகள் ஆடமாட்டோம் என்று விலகினார்கள். 1923இல் விட்டல் தலைவரானார். அணி வென்றது. ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தோளுக்கும் அன்று ஒரு நாள் தீட்டில்லை.

பழைய கதை என்பீர்கள். சரி, 2021. ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் பெண்கள் ஹாக்கி அணி தோற்றது. அணியில் வந்தனா கட்டாரியா. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர். தோற்ற அன்றே ஹரித்துவார் பக்கத்தில் அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று வசை. இந்தியா தோற்றதற்கு இந்தியர்கள் வெடித்த பட்டாசு. அக்டோபரில் துபாயில் நம் கிரிக்கெட் அணி பாகிஸ்தானோடு ஆடுமுன், கறுப்பர் உயிருக்காக ஒரு முழங்காலில் அமர்ந்தது. அழகான காட்சி. ஹரித்துவாருக்காக மடங்க இரண்டாவது முழங்கால் நம்மிடம் இல்லை.

மேற்கிந்தியத் தீவின் டேரன் சாமியை ஐபிஎல்லில் கூட ஆடியவர்களே 'காலு' என்று அழைத்தார்கள். வலிமையான குதிரை என்று அர்த்தம் போல என நினைத்து அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். 2020இல் உண்மை தெரிந்து கேட்டார். அன்பினால் சொன்னது என்று பதில். நம் அன்புக்கு எப்போதும் நிறம் உண்டு. நம்ம கிரிக்கெட்காரர் அபினவ் முகுந்தும் 2017இல் அதைத்தான் எழுதினார், சென்னையில் வெயிலில் ஆடி ஆடிக் கறுத்த தோலுக்குச் சின்ன வயது முதல் கிடைத்த பட்டங்களைப் பற்றி.

ரியோவில் பி.வி. சிந்து வெள்ளிக்காக வியர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாட்டு மக்கள் கூகுளில் அவருடைய சாதியைத் தேடினார்கள். பேக்ஹேண்ட் எப்படி என்று தேடவில்லை. ஆட்டம் முடியும்வரை பொறுக்கவும் இல்லை.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி மைன்ஸை மூடினார்கள். இங்கே ஒருகாலத்தில் கால்பந்தும் ஹாக்கியும் குத்துச்சண்டையும் தெருவுக்குத் தெரு. இப்போது இருட்டோடு மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலிக்குப் போவதுதான் எங்கள் தினசரி ஓட்டப் பந்தயம். அரசு எங்களை மறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை எங்கள் ஊரை நினைத்துக்கொண்டது. சுரங்கக் கழிவு குவிந்த 13 சைனைட் மேடுகள், 1003 ஏக்கர். சலித்தால் டன்னுக்கு எத்தனை மில்லிகிராம் தங்கம் தேறும் என்று கணக்கு போட்டாயிற்று. எங்கள் தாத்தாக்கள் விட்டுப்போன கழிவில்கூட உங்களுக்குப் பங்கு வேண்டும்.

அந்த மேட்டுத் தூசியைச் சுவாசித்து வளரும் பெண் ஒருத்தி நாளைக்கு ஓடி ஜெயிப்பாள். தங்கவயலின் தங்கமங்கை என்று தலைப்புப் போடுவீர்கள். அவள் விஷயத்தில் கூகுளுக்கு வேலை மிச்சம். ஊர்ப் பெயரைச் சொன்னதுமே உங்களுக்குத் தெரிந்துவிடும்.