வட்டியில்லாக் கருணை

உயர்தரப் பெறுபேறு வெளியான மறுநாள் யாழ்ப்பாணத்தில் நெல்லியடியிலிருந்து சுன்னாகம் வரைக்கும் ஒரு மதில் மிச்சமில்லாமல் பதாகை தொங்கும். ரியூட்டரிக்காரர் அச்சகத்துக்கு முன்காசே கொடுத்து வைத்திருப்பார்கள். நீலப் பின்னணியில் பிள்ளையின் படம், கீழே நாலு தசமதானம் வரைக்கும் இசட் புள்ளி, அதற்குக் கீழே மாவட்ட நிலை. எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளையின் படத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாகப் படிப்பித்தவரின் படம். ஒரே பிள்ளை மூன்று பதாகைகளில் சிரிப்பதும் உண்டு. பௌதிகவியல்காரருக்கும் அவன்தான் சொத்து, இரசாயனவியல்காரருக்கும் அவன்தான் சொத்து.

பதாகையில் ஏறாத பிள்ளை அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வராது. வந்தால் சந்தைக்குப் போகிற கிழவி முதற்கொண்டு கேட்பாள்: "என்ன பிள்ளை, கம்பஸ் கிடைக்குமோ?"

கிடைக்காது ஆச்சி. ஏன் கிடைக்காது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவர்கள் என்று ஆண்டுதோறும் நாடு முழுக்க ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அரசாங்கமே அறிவிக்கிறது. உள்ளே எடுப்பது 40,000, மிஞ்சினால் 45,000. மிச்சம் நிற்கிற ஒரு இலட்சமும் கோட்டை விட்ட பிள்ளைகள் இல்லை. சோதனை எழுதி, சித்தியடைந்து, "நீ தகுதியானவன்" என்று அரசாங்கத்தின் வாயாலேயே கேட்டுவிட்டுப் படலைக்கு வெளியே நிற்கிறவர்கள்.

இவர்களைப் பார்த்து 2017இல் அரசாங்கத்தின் நெஞ்சு உருகியது. உருகிய நெஞ்சு விரிவுரை மண்டபம் கட்டியதா? ஆய்வுகூடம் போட்டதா? விரிவுரையாளரை எடுத்ததா? வீண் செலவு. கடன் கொடுத்தது.

வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் என்று பெயர். உயர்தரத்தில் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி, ஆங்கிலத்தில் ஒரு சித்தி இருந்தால் போதும். அமைச்சு தருகிற பட்டியலில் இருக்கிற அரசு சாராத நிறுவனம் ஒன்றில் சேர்ந்து பட்டம் படிக்கலாம். கட்டணத்துக்கு 8 இலட்சம் ரூபாய், கைச்செலவுக்கு வேண்டுமென்றால் மேலதிகமாக 3 இலட்சம். நெடுங்காலம் இருந்த கணக்கு இது. கட்டணக் காசைப் பிள்ளை கண்ணால் காணாது, அது நேரே நிறுவனத்துக்குப் போய்விடும். வட்டியைத் திறைசேரி பார்த்துக்கொள்ளும். முதல், பிள்ளையின் தலையில்.

எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! தனியார் கல்விக் கடைக்கு அரசாங்கம் வாடிக்கையாளர் பிடித்துக் கொடுக்கிறது, காசையும் முன்கூட்டியே கட்டிவிடுகிறது. கடைக்காரனுக்கு நட்டம் வர வழியே இல்லை. ஹோமாகமவில் இருக்கிற என்.எஸ்.பி.எம். இன்னும் ஒரு படி மேல். அது அரசுக்குச் சொந்தமான நிறுவனம், ஆனால் கட்டணம் வாங்கும். ஆக, அரச வங்கி கடன் கொடுக்கிறது, அரசின் நிறுவனம் அதைக் கட்டணமாக வாங்குகிறது. காசு அரசாங்கத்தின் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகிற வழியில் இருபது வயதுப் பிள்ளை ஒருத்தி கடன்காரியாகிவிடுகிறாள். இதைக் கண்டுபிடித்த மூளைக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பீடமே திறக்கலாம். திறந்தால் அதற்கும் வெட்டுப்புள்ளி வைப்பார்கள்.

பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் காசில்லாமல் படிக்கலாம் என்று 1945இல் சொன்ன நாடு இது. அதைக் கொண்டுவந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. இரண்டே வருடத்தில், 1947 தேர்தலில், மத்துகமத் தொகுதி அவரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியது. இப்போது எந்தக் கல்வி அமைச்சரும் அவருடைய படத்துக்கு மாலை போடாமல் கட்டணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை.

கட்டணத்துக்கான கதவு ஒரு நாளில் திறந்ததல்ல. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்துக்கு 1985இல் ஒரு திருத்தம் வந்தது. 25அ என்று சின்னதாக ஒரு பிரிவு. அமைச்சர் வர்த்தமானியில் ஒரு கட்டளை போட்டால் போதும், ஒரு நிறுவனம் பட்டம் வழங்கும் நிறுவனமாகிவிடும். யாழ்ப்பாணத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. 1985இல் எங்களுக்கு வேறு சத்தங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. அந்தப் பிரிவின் வழியாகத்தான் மாலபேயில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று 2011இல் அங்கீகாரம் பெற்றது. தெற்கில் மாணவரும் வைத்தியரும் வருடக்கணக்காகத் தெருவில் நின்று, அடியும் கண்ணீர்ப்புகையும் வாங்கி, 2017இல் அதை மூடுவதாக அரசாங்கத்தைச் சொல்லவைத்தார்கள். கடன் திட்டம் பிறந்ததும் அதே 2017இல்தான். ஒரு தனியார் கல்லூரியை மூடின கை, மற்றவற்றுக்குக் காசோலை எழுதத் தொடங்கியது.

சரி, கொழும்புக் கதை போதும். கணக்கு வைத்துப் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிற வித்தையில் எங்களுக்கு இருக்கிற அனுபவம் வேறு ஆருக்கு இருக்கிறது?

1971 அனுமதியில் மருத்துவபீடத்துக்குத் தமிழில் எழுதின பிள்ளை 400க்கு 250 எடுக்கவேண்டும். சிங்களத்தில் எழுதின பிள்ளைக்கு 229 காணும். பேராதனைப் பொறியியலுக்கு 250, 227. ஒரே நோயாளி, ஒரே காய்ச்சல், ஊசி போடுகிறவர் எந்த மொழியில் சோதனை எழுதினார் என்பதில் 21 புள்ளி வித்தியாசம்! பிறகு மொழிவாரித் தரப்படுத்தலுக்கு மேல் மாவட்டக் கோட்டாவையும் வைத்தார்கள். விஞ்ஞானத்துறைகளில் 1970இல் நூற்றுக்கு 35.3 ஆக இருந்த தமிழ் மாணவர் பங்கு 1974இல் 20.9 ஆனது.

பின்தங்கிய ஊர்ப் பிள்ளைக்கு நீதி என்று விளக்கம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைக்கு நீதி வேண்டியதுதான். மொனராகலையில் ஆய்வுகூடத்தைக் கண்ணாலும் காணாமல் உயர்தரம் எழுதின பிள்ளை எனக்கு எதிரியில்லை. மாவட்டக் கோட்டாவால் நுவரெலியா லயத்துப் பிள்ளைக்கும், முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் கதவு திறந்தது. அதை மறைத்து எழுதினால் நான் யாழ்ப்பாணத்தான் என்பதைத் தவிர வேறொன்றும் நிரூபணமாகாது. ஆனால் கதிரையைக் கூட்டாமல், ஒருவன் இருந்த கதிரையை இழுத்து மற்றவனுக்குக் கொடுத்து அதற்கு நீதி என்று பெயர் வைத்தார்களே, அந்தக் கஞ்சத்தனத்துக்கு இந்த நாடு முப்பது வருடம் இரத்தத்தால் வட்டி கட்டியது. அந்த வட்டியைத் திறைசேரி கட்டவில்லை.

1974இல் எங்களுக்கும் ஒரு பல்கலைக்கழக வளாகம் கிடைத்தது. பிரதமர் சிறிமாவோ அம்மையார் வந்து திறந்துவைத்தார், பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவர். திருநெல்வேலியில் சேர் பொன். இராமநாதன் கட்டிவைத்த பரமேஸ்வராக் கல்லூரி ஏற்கெனவே நின்றது. அரசாங்கம் பெயர்ப்பலகையோடு வந்தது.

இப்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்துப் பாருங்கோ. அநேக துறைகளில் நூறு இடத்தில் 40 அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறின் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசியுங்கோ. யாழ்ப்பாணம் இருக்கும். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி நடத்தின யாழ்ப்பாணம். கூடப் படித்துவிட்டாய் என்று தகப்பனைத் தட்டினார்கள், குறையப் படித்திருக்கிறாய் என்று மகனுக்கு இரங்குகிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று கைநூலில் ஒரு அடிக்குறிப்புக்கூட இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த 97,000 புத்தகங்களை எந்த நிரலில் போடுவது என்று அலுவலகத்தில் குழம்பியிருப்பார்கள். இவர்களுக்குக் கணக்கில் குழப்பம் வருவதும் புதிதல்ல. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒரே சட்டியில் போட்டு இசட் புள்ளி எடுத்தார்கள். அது பிழை என்று சொல்ல 2012இல் உயர் நீதிமன்றம் வரவேண்டியிருந்தது.

எங்கட ஆக்கள் மட்டும் திறமோ? பிள்ளையை வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதிந்துவிட்டு, யாழ்ப்பாண ரியூட்டரியில் இருத்திப் படிப்பித்து, குறைந்த வெட்டுப்புள்ளியில் உள்ளே தள்ளின பெற்றோர் இருக்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் இருந்து எழும்பி வந்த பிள்ளையின் கதிரை அது. அதில் தன் பிள்ளையை ஏற்றிவிட்டு, மாலையில் தரப்படுத்தல் தமிழினத்துக்குச் செய்த துரோகம் பற்றிய கருத்தரங்கில் முன்வரிசையில் இருக்க ஒரு தனி முகம் வேண்டும். எங்களிடம் அது தாராளமாக இருக்கிறது.

மறுபடி கடனுக்கு வருவோம். பாசையூரில் ஒரு கடற்றொழிலாளியின் மகள் என்று வைத்துக்கொள்ளுங்கோ. வணிகப் பிரிவில் மூன்று சித்தி, கம்பஸ் இல்லை. கடன் படிவத்தை நிரப்பிக்கொண்டு தகப்பனும் மகளும் வங்கிக்குப் போகிறார்கள். பிணை நிற்க ஆள் வேண்டும். தகப்பனிடம் சம்பளத்துண்டு இல்லை, கடல் மாதம் முடிய அப்படி ஒன்றும் அடித்துக் கொடுப்பதில்லை. படகு எஞ்சின் லீசிங்கில். தாயின் சங்கிலி அடைவில். சொந்தக்காரரில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவர் ஏற்கெனவே இரண்டு பேருக்குப் பிணை நின்று, ஒருவர் பிரான்சுக்குப் போய்விட, தன் சம்பளத்தில் வெட்டுவிழுந்து, இப்போது கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். "கடனுக்குத் தகுதி இருக்கு, பிணைக்குத்தான் ஆள் இல்லை" என்று உத்தியோகத்தர் மரியாதையாகச் சொல்வார். இரண்டாம் தடவையாக அந்தப் பிள்ளை தகுதி பெறுகிறது.

ஆள் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். பட்டியலில் உள்ள நிறுவனங்களில் பெரும்பாலானவை மாலபே, ஹோமாகம, கொழும்பு என்று இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து 400 கிலோமீற்றர். மாலபேக்காரப் பிள்ளை காலையில் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றோடு வகுப்புக்குப் போகும். எங்கட பிள்ளை அறை வாடகை, கடைச் சாப்பாடு, இரவு பஸ், தெரியாத மொழி எல்லாவற்றுக்கும் கட்டவேண்டும். கைச்செலவுக் கடன் 3 இலட்சத்தை நாலு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 6,250 ரூபாய். இதில் அறை எடுக்கிறதோ, சாப்பிடுகிறதோ, சுகமில்லாத தகப்பனைப் பார்க்க வீட்டுக்கு வந்துபோகிறதோ? மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லுகிறது அரசாங்கம். சோதனைத்தாளில்கூட ஐந்து விடை தருவார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு உள்ளே போன பிள்ளை ஏதோ இராசாவீட்டுக் கன்று என்று நினைக்கவேண்டாம். லலித் அத்துலத்முதலி 1981இல் தொடங்கின மகாபொல புலமைப்பரிசில் வருடக்கணக்காக மாதம் 5,000 ரூபாயில் கிடந்தது. நாடு வங்குரோத்தாகி, அரிசியும் பாணும் கைகடிக்கிற விலைக்குப் போன 2022இலும் அதே ஐயாயிரம்தான். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள், கைதட்டலும் கேட்டது. மகாபொல நிதிக்கு ஒரு பங்கு அதிர்ஷ்டலாபச் சீட்டிலிருந்து போகிறது. பஸ் நிலையத்தில் சீட்டு வாங்குகிற கூலிக்காரனின் நிறைவேறாத கனவில் ஒரு கூலிக்காரனின் பிள்ளை படிக்கிறது. பணக்காரர் எதில் கைகொடுக்கிறார்கள் என்று கேட்காதேங்கோ. அவர்களுடைய பிள்ளைகள் மெல்பேர்னில்.

கடன் கொடுத்துப் படிப்பிக்கிற வித்தைக்குக் குருபீடம் அமெரிக்கா. அங்கே மத்திய அரசுக்கு மாணவர்கள் கொடுக்கவேண்டிய பாக்கி 1.6 திரில்லியன் டொலருக்கு மேல். நாடே சேர்ந்து அந்தக் கடன் பழக்கத்தைப் பழக்கிவிட்ட பிறகு, 2025 ஜூலை 4இல் டிரம்ப் ஒரு சட்டத்தில் கையெழுத்து வைத்தார். 2026 ஜூலையிலிருந்து பட்டமேற்படிப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டணம் முழுவதையும் ஈடுசெய்த கடன் இல்லை. மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு மொத்தம் 2 இலட்சம் டொலர்தான். பெற்றோர் ஒரு பிள்ளைக்காக எடுக்கக்கூடியது 65,000. கட்டணம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கடனுக்கு மட்டும் கூரை போடுகிறார்கள். மிச்சத்துக்குத் தனியார் கடன்காரன் வாசலில் நிற்கிறான். எங்களுடைய அமைச்சுக்காரர் இதை வாசித்துக் குறிப்பெடுக்காமல் இருக்கவேண்டும் என்று நல்லூரானுக்கு ஒரு அர்ச்சனை செய்யலாம்.

பாசையூர்ப் பிள்ளைக்கு 19 வயதில் எழுதவேண்டிய சோதனை பிந்தி, பெறுபேறு பிந்தி, கடன் விண்ணப்பம் கோருவது பிந்தி, 22 வயதில் முதல் வகுப்பு. பட்டம் எடுக்க 26. ஒரு வருடச் சலுகைக்காலம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதற்குப் பிறகு தவணை தொடங்கும், முப்பதைத் தாண்டியும் ஓடும். அதற்குள் அவளுக்குக் கலியாணமாகி, ஒரு பிள்ளை பிறந்து, அது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு ரியூசன் போகத் தொடங்கியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு என்ன கடன் வைத்திருக்கிறீர்கள், அமைச்சரே? இப்போதே சொல்லிவிட்டால் பிணைக்கு ஆள் தேடத் தொடங்கலாம்.