பூக்காரப் பையனின் பட்டம்

'பொன்னியின் செல்வன்' படம் நாவலுக்கு நியாயம் செய்ததா என்ற வழக்கு, கொடுங்கையூர் டீக்கடை பெஞ்சில் 2022 செப்டம்பரில் பதிவானது. இன்னும் வாய்தாதான்.

வாதி ஐந்து பாகமும் படித்தவர். அதை மறக்கவும் விடமாட்டார். "மணிமேகலையையே காணோமே!" என்பது அவர் முதல் புகார். பிரதிவாதி படம் மட்டும் பார்த்தவர், ஆகவே நிம்மதியானவர். "கல்கி மூணரை வருஷம் வாராவாரம் எழுதினாரு நைனா. ஐந்தரை மணி நேரத்துல முடிக்கணும்னா, யாராச்சும் ஒருத்தர் வீட்டுலயே இருந்துக்க வேண்டியதுதான்."

படத்தின் இரண்டாம் பாகமும் வந்த பிறகு, வாதி அடுத்ததை எடுத்தார். நாவலில் பட்டம் யாருக்கு? தஞ்சையில் கோயிலுக்குப் பூத்தொடுத்த சேந்தன் அமுதனுக்கு. மணிரத்னம் படத்தில்? அரண்மனையிலேயே வளர்ந்த மதுராந்தகருக்கு.

பேப்பரில் கண் வைத்திருந்த டீ மாஸ்டர் இங்கேதான் நிமிர்ந்தார்.

"கஷ்டப்பட்ட புள்ளைக்கு வர்ற பதவி கடைசி நேரத்துல பெரிய வீட்டுக்குப் போயிடுச்சா? அப்ப படம்தான் உண்மைக்குக் கிட்டத்துல இருக்கு. சிட்டிக் குப்பையெல்லாம் யார் ஏரியாவுக்கு வருது, பட்டமெல்லாம் எங்க போகுதுன்னு நமக்குத் தெரியாதா?"

வாதி மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லி, இன்னொரு டீ சொன்னார். கணக்கு பிரதிவாதி பெயரில்.