மூன்று நிரல்களில் அன்வர் சதாத்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க எழுதும் எச்.எஸ்.சி. பரீட்சையில் கணிதத்தை விடலாம், விஞ்ஞானத்தை விடலாம், ஆங்கிலத்தை மட்டும் விட முடியாது. கட்டாயப் பாடம் அது ஒன்றுதான். பல்கலைக்கழகத்துக்கான ஏடார் புள்ளியைக் கணக்கிடும்போதும் ஆங்கிலத்தின் இரண்டு அலகுகள் உள்ளே வந்தே தீரும். யாழ்ப்பாணத்து அப்பன் ஒருவனுக்கு இதைவிடத் தலைகீழான சட்டம் கிடையாது. கணிதத்தைக் கைவிடும் உரிமையைப் பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்த அரசாங்கத்தை நாங்கள் இன்னும் மன்னிக்கவில்லை. சிட்னியின் வென்ட்வேர்த்வில் பக்கத்துப் பிறந்தநாள் விழாக்களில் ஆண்கள் மூலையில் நின்று குசுகுசுப்பது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்: யாருடைய பிள்ளை நாலு யூனிட் கணிதம் செய்கிறது, ஆங்கிலத்துக்கு எந்த டியூசன் மாஸ்டர் கெட்டிக்காரர், அவர் வீட்டு வாசலில் இடம் கிடைக்க யாரைப் பிடிக்க வேண்டும்.

என் மகள் 2012இல் அந்தப் பரீட்சை எழுதினாள். அட்வான்ஸ்ட் ஆங்கிலத்தில் மொட்யூல் பி என்று ஒரு பகுதி உண்டு. ஒரு படைப்பை எடுத்துத் தோலை உரித்து, எலும்பை எண்ணிப் பார்ப்பது அதன் நோக்கம். அப்போது சில பள்ளிக்கூடங்கள் அதற்கு ஹாம்லெட்டை எடுத்தன. மகளின் பள்ளிக்கூடம் பேச்சுகளை எடுத்தது. எகிப்தின் அன்வர் சதாத், பர்மாவின் ஆங் சான் சூ கீ, கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட், அவுஸ்திரேலியாவின் போல் கீட்டிங், வில்லியம் டீன், நோயல் பியர்சன், ஃபெய்த் பாண்ட்லர் என்று ஏழு பேர், ஏழு பேச்சுகள். பரீட்சையில் எந்தப் பேச்சைக் குறிப்பிட்டுக் கேட்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஏழையும் கரைத்துக் குடிக்க வேண்டும்.

எனக்கோ பெரிய சந்தோஷம். கல்குலஸ் என்றால் நான் ஒதுங்கிக்கொள்வேன். பேச்சு என்றால் அப்படியா? கோயில் வீதியில் ஒலிபெருக்கி கட்டி, நடுச்சாமம் வரை கம்பனையும் இளங்கோவையும் மேடையில் ஏற்றி வழக்காடிய ஊர் எங்களுடையது. எழுபதுகளில் தமிழர் விடுதலைக் கூட்டணி மேடைகளில் பேச்சு உச்சிக்குப் போகும்போது இளைஞர்கள் ஏறிவந்து, விரலைக் கீறி, பேச்சாளரின் நெற்றியில் இரத்தத் திலகம் இடுவார்கள். சிறுவனாக நான் பின்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வருவா. என்ன சொன்னவர் என்று கேட்டால், “நல்லாக் கதைச்சவர்” என்பா. அவ்வளவுதான் அவவின் விமர்சனம். போதாதா?

போதாது என்று மகளின் மேசையைப் பார்த்ததும் தெரிந்தது. பெரிய தாளில் மூன்று நிரல்கள் கீறியிருந்தாள். முதல் நிரலில் மேற்கோள், இரண்டாவதில் உத்தி, மூன்றாவதில் கேட்போர் மீதான விளைவு. மேற்கோளுக்கு மஞ்சள் ஹைலைட்டர், உத்திக்கு இளஞ்சிவப்பு, விளைவுக்குப் பச்சை. ஏழு பேச்சுகளும் மூன்று நிறத்தில் அங்கே காய்ந்துகொண்டிருந்தன. ஒருவர் ஒரே சொல்லால் வாக்கியங்களைத் தொடங்கினால் அனஃபொரா. மூன்று மூன்றாக அடுக்கினால் ட்ரைகோலன். விடை எதிர்பாராமல் கேட்டால் ரெட்டோரிக்கல் குவெஸ்சன். எங்கள் வீட்டில் இந்த மூன்றையும் தினமும் காலையில், பஸ்ஸைத் தவறவிடப்போகும் பிள்ளைகளை நோக்கி, என் மனைவி பாவிக்கிறா. அவவுக்கு யாரும் பெயர் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் சதாத்தில் கைவைத்தேன். 1977 நவம்பர் 20. நான்கு வருடத்துக்கு முன்பு தானே படையை அனுப்பிய நாட்டின் நாடாளுமன்றத்துக்குள் தனியாளாகப் போய் நின்று சமாதானம் பேசுகிறார் மனிதர். இஸ்ரேலுக்கு அதிகாரபூர்வமாகப் போன முதல் அரபுத் தலைவர் அவர்தான். அடுத்த வருடம் மெனாகெம் பெகினுடன் சேர்த்து நோபல் சமாதானப் பரிசு. 1981 ஒக்டோபர் 6 அன்று இராணுவ அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய படையைச் சேர்ந்தவர்களே சுட்டுக் கொன்றார்கள். இதையெல்லாம் கைகால் ஆட்டிச் சொல்லி முடித்து, “மூண்டாவது நிரலிலை இதைப் போடு பிள்ளை, விளைவு எண்டால் இதெல்லோ விளைவு” என்றேன்.

“அது விளைவு இல்லை அப்பா. அது கொன்டெக்ஸ்ட்.”

ஒரு மனிதனின் உயிர் போனது சூழலாம். விளைவு என்ன என்று எட்டிப் பார்த்தேன். ‘கேட்போரை உள்ளிழுக்கிறது’ என்று பச்சையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சதாத்தின் மோனை நயத்தை மெச்சி இரண்டு வரி. சதாத் அன்று பேசியது அரபியில். அந்த ஆங்கில மோனை யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளருடைய கைவண்ணம். நோபல் பரிசில் அவருக்கு யாரும் பங்கு கொடுக்கவில்லை, மகளும் கொடுக்கவில்லை. நான் இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மார்க்கரும் அதை யோசிக்கமாட்டார்” என்றாள். பரீட்சை எழுதத் தயாராகிவிட்டாள் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

சூ கீயின் பேச்சுக்கு வீட்டில் ஏகப்பட்ட ஆதரவு. 1995இல் பீஜிங்கில் பெண்கள் மாநாட்டை ஒட்டி நடந்த அரங்கத்துக்கு அவர் அனுப்பிய உரை அது. வீட்டுக் காவலிலிருந்து விட்டு ஒன்றரை மாதம்தான். நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்ற பயத்தில் போகவில்லை. வீடியோவில் பேசி, நாடாவை அனுப்பினார். பேச்சின் நடுவே ஒரு பர்மியப் பழமொழியைப் பிடித்து உலுக்குகிறார். சேவல் கூவினால்தான் விடியும் என்பது அந்தப் பழமொழி. விடிவதால்தான் சேவல் கூவுகிறது என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டதே என்பது அவர் வாதம். அம்மாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஊரில் கோழி வளர்த்த மனுசி. “எங்கட வெள்ளைச் சேவல் ரெண்டு மணிக்கே கூவும். அதைக் கேட்டு எழும்பினவள் ஆர்? நான்தான். உன்ரை அப்பர் கூவினாலும் எழும்பமாட்டார்.” மகள் இதைக் குறித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், ‘சேவல்: மெட்டஃபர், ஆணாதிக்கம்’ என்று மட்டும் இருந்தது. அப்பரை விட்டுவிட்டாள்.

பேச்சின் மதிப்பு காலத்தால் அழியாதது என்று நிறுவுவது இந்த மொட்யூலில் ஒரு சடங்கு. சூ கீ பற்றி அந்த வருடம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். 2019இல் அவர் ஹேக் நீதிமன்றத்தில், ரோஹிங்யா மக்களை இனப்படுகொலை செய்ததான குற்றச்சாட்டுக்கு எதிராகத் தன் நாட்டுக்காக வாதாட எழுந்து நின்றபோது, அந்த விடைத்தாள்களுக்கு யாரும் புள்ளி குறைக்கவில்லை.

அட்வுட்டின் பேச்சு எனக்கு அவ்வளவாக ஏறவில்லை. கதைகளில் பெண்கள் கெட்டவர்களாக இருக்கவும் உரிமை வேண்டும் என்கிறார். லேடி மக்பெத்தையும் துணைக்கு இழுக்கிறார். மனைவி மட்டும் இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தபடி உள்ளே போனா. நான் காரணம் கேட்கவில்லை.

கீட்டிங்கின் பேச்சில்தான் டியூசன் மாஸ்டர் மேடைக்கு வருகிறார். முதல் உலகப் போரில் செத்து, பிரான்சில் பெயரில்லாமல் புதைந்து கிடந்த அவுஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரைத் தோண்டியெடுத்து, 1993 நவம்பர் 11 அன்று கன்பராவில் போர் நினைவகத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தச் சடங்கில் பிரதமர் கீட்டிங் பேசியது இந்த நாட்டின் மிகச் சிறந்த உரைகளில் ஒன்று. அவருக்கு உரை எழுதிக் கொடுத்தவர் டொன் வொட்சன் என்ற வரலாற்றாசிரியர். அந்தக் காலத்து உரைகளில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பின்னாளில் இருவரும் பகிரங்கமாகவே முட்டிக்கொண்டார்கள். மகளிடம் இருந்ததோ மாஸ்டர் எழுதிக் கொடுத்த மாதிரிக் கட்டுரை. பிரதமருக்கு ஒருவர் எழுதிக் கொடுத்தார், பிரதமரைப் பற்றி எழுத இவளுக்கு ஒருவர் எழுதிக் கொடுத்தார். கீட்டிங்கின் தனித்துவமான சொந்தக் குரலை மாணவி தன் தனித்துவமான சொந்தக் குரலில் ஆராய்கிறாள். நடுவில் இரண்டு பேர் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். மாஸ்டர் மணித்தியாலத்துக்கு வாங்கியதைப் பார்த்தால் வொட்சனுக்குப் பொறாமை வந்திருக்கும்.

அந்தப் பேச்சைச் சத்தமாக வாசித்துப் பார்ப்போமா என்று கேட்டேன். “ஏன் அப்பா?” என்றாள், பேச்சை வாசித்துப் பார்ப்பது ஏதோ புதுப் பழக்கம்போல. பிறகு பாவம் பார்த்து வாசித்தாள். அந்தச் சிப்பாயின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, வயது தெரியாது, யாருடைய பிள்ளை என்று தெரியாது என்று தெரியாதவற்றையே அடுக்கிக்கொண்டு போகிறது உரை. அம்மா சோபாவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.

“பேர் தெரியாத பிள்ளைக்குப் பிரதமரே வந்து கதைச்சவரோ?”

“ஓம் அம்மா.”

“உடம்பையும் கொண்டுவந்து குடுத்தவையோ?”

“ஓம்.”

“நல்ல சனம்” என்றுவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தா. முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்று வருடம். மகள் பச்சை ஹைலைட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாள். அந்த மூன்றாவது நிரல் ஏற்கெனவே ஒடுக்கம். கடைசியில் ‘அனுதாபத்தைத் தூண்டுகிறது’ என்று எழுதினாள். மாஸ்டரின் கட்டுரையிலும் அதுதான் இருந்தது.

பரீட்சை ஒக்டோபரில் வந்தது. இரண்டாம் தாளுக்கு இரண்டு மணித்தியாலம், மூன்று கட்டுரை, ஒன்றுக்கு நாற்பது நிமிடம். சுவிட்சர்லாந்து மலையாற்று வெள்ளத்தில் 1999இல் செத்துப்போன பதினான்கு அவுஸ்திரேலியர்களுக்காக, இங்கேயிருந்து வாட்டில் பூங்கொத்து கொண்டுபோய் அஞ்சலி செய்த ஆளுநர் நாயகம் டீன், கரும்புத் தோட்டத்துக்குக் கடத்திவரப்பட்ட தகப்பனின் மகளான பாண்ட்லர், பழங்குடித் தலைவர் பியர்சன் எல்லோரும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் குனிந்திருக்கும் மண்டபத்தில் மூச்சுக் காட்டாமல் காத்திருக்க வேண்டும். மகள் சனிக்கிழமைப் பள்ளியில் தமிழும் படித்தவள். எச்.எஸ்.சி. தமிழுக்கு வாய்மொழிப் பரீட்சை உண்டு. பரீட்சகருக்கு முன்னால் இருந்து தமிழில் கதைக்க வேண்டும். அதாவது மொழிப் பாடத்துக்கு வாய் திறக்காவிட்டால் புள்ளி இல்லை, பேச்சுப் பாடத்துக்கு வாய் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ.

எந்தப் பேச்சுக் கேள்விக்கு வந்தது, நீ என்ன எழுதினாய் என்று அவள் காரில் ஏறியதும் கேட்டேன். “எழுதினது மறந்துபோச்சு அப்பா” என்றாள். மனைவி பின்னால் திரும்பி, “பின்ன ஏன் படிச்சனி? ஏன் காசு கட்டினது? ஏன் ராவிராவா முழிச்சது?” என்றா.

“அனஃபொரா” என்றாள் மகள். “ரெட்டோரிக்கல் குவெஸ்சன். ட்ரைகோலன்.”

டிசம்பரில், பெறுபேறு வருவதற்கு முதல் கிழமை, சொந்தக்காரர் ஒருவரின் அறுபதாம் கலியாணத்துக்குப் போனோம். வழமைபோல ஒரு பிரதம விருந்தினர். இரண்டு நிமிடம்தான் பேசுவேன் என்று தொடங்கினார். அதற்குப் பிறகு வள்ளுவர் வந்தார், பாரதி வந்தார், அவர் தன் சொந்தத் தொழிலில் முன்னேறிய வரலாறு வந்தது, மறுபடியும் வள்ளுவர் வந்தார். மைக் இரண்டு தரம் கீச்சிட்டது. சின்னப்பிள்ளைகள் மேசைக்கு அடியில் போய்விட்டார்கள். மகள் கையைத் துடைக்கும் காகிதத்தை விரித்து, பேனாவால் நெட்டுக்கு இரண்டு கோடு கீறினாள். முதல் நிரலிலும் இரண்டாவதிலும் மளமளவென்று ஏதோ எழுதினாள். மூன்றாவதற்கு வந்ததும் தலையைத் தூக்கி மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எழுதி, என் பக்கம் தள்ளினாள்.

‘கேட்போர் மீதான விளைவு: புரியாணி ஆறிவிட்டது.’