ரெண்டு நிமிசம் புடிச்சுக்கங்க தம்பி

ஹட்டன் டவுனில் ஒரு மனிதர் சைக்கிளின் முன்சில்லை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வங்கி வரிசையில் நிற்கிறார் என்றால், மிச்ச சைக்கிளை வெளியே யாரோ ஓர் அப்பாவி பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். பெரும்பாலும் அது நான்தான்.

2022 ஜூனில் பெட்ரோல் லீட்டர் 470 ரூபாய்க்கு ஏறியபோது, நாங்களெல்லாம் லயத்துக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலா சைக்கிளுக்கு எண்ணெய் விட்டோம். நாங்கள் கியர் அண்ணன் என்று கூப்பிடும் அந்த மனிதர் மட்டும் கொழும்புவரை போய் வெளிநாட்டு மவுண்டன் பைக் வாங்கி வந்தார். விலையை அவர் சொல்வதில்லை. அண்ணி சொல்வார், சத்தமாக.

சாமான் நல்ல சாமான்தான். டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் மேட்டில் நாங்கள் இறங்கித் தள்ளுவோம். அவர் கியரைக் குறைத்து, காலைச் சும்மா சுழற்றிக்கொண்டே போய்விடுவார். மிதிக்குச் சில்லு கொஞ்சம்தான் உருளும், ஆனால் மூச்சு வாங்காது.

வினையெல்லாம் டவுனுக்குள் வந்த பிறகுதான். வண்டிக்கு ஸ்டாண்ட் இல்லை, பாரமாம். சுவரில் சாய்த்தால் பெயிண்ட் கீறுமாம். பூட்டிவிட்டுப் போகலாமே என்றால், சின்னப் பிடியொன்றைத் திருப்பினாலே முன்சில்லு கையோடு வந்துவிடும் வகை அது. "சில்ல மட்டும் களவெடுத்துட்டா?" ஆகவே சில்லை அவரே கழற்றிக்கொள்வார். "ரெண்டு நிமிசம் புடிச்சுக்கங்க தம்பி."

பத்தாம் திகதி, சம்பள நாள். வங்கி வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாதா? அது முடிந்தால் மருந்துக்கடை, பிறகு கரண்ட் பில், பிறகு மாணிக்கப் பிள்ளையார் கோயில். சாமி முன்னாலும் சில்லோடுதான் நிற்பார். நான் வண்டியின் முன்பக்கம் தரையில் முட்டாமல் தூக்கிப் பிடித்தபடி மழையில் நிற்பேன். போகிறவர் வருகிறவரெல்லாம், "சில்லு எங்க தம்பி?" என்று துக்கம் விசாரிப்பார்கள்.

கேரியரும் கிடையாது. அவர் வீட்டுக் கோதுமை மா என் லுமாலாவில்தான் ஏறும். அந்த லுமாலாவை நான் மார்க்கட் சுவரில் சாய்த்துப் பூட்டாமலே போகிறேன், ஒருத்தரும் தொடுவதில்லை. சொல்லப்போனால், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

ஆனாலும், ஆட்டோ கிடைக்காத ஒரு ராத்திரி, என் மகளுக்கு மருந்து வாங்கி வந்தவரும் இவர்தான். மருந்துக்கடையிலும் சில்லோடுதான் நின்றிருப்பார்.

அண்ணே, எனக்கும் வங்கியில் வேலை இருக்கு. ஒரு ஸ்டாண்ட் போட்டுருங்க. காசு நான் தாரேன்.