பின்னணியார்

பசறைக்கும் பிபிலைக்கும் நடுவில், தேயிலை மலை சரிந்து வெயில் பூமியாக மாறத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது லுணுகலை. சுற்றிலும் ஹொப்டன், அடாவத்தை, அந்தப் பக்கம் மடுல்சீமை என்று தோட்டங்கள். எந்தத் தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பிரட்டுக்களம், ஒரு பிள்ளைக் காம்பரா இருக்கும். கொஞ்சம் விசாரித்தால் ஒரு பின்னணியாரும் இருப்பார்.

பின்னணியாரைச் சினிமாப் பைத்தியம் என்று சொன்னால் கோபம் வரும். பாட்டுப் பைத்தியம் என்றால் இன்னும் கோபம் வரும். பாட்டு அவருக்குப் பாமரர் சமாச்சாரம். அவருக்கு வேண்டியது பாட்டு முடிந்து வசனம் தொடங்குவதற்குள் வருகிற இசை. கதாநாயகி ஜன்னல் பக்கம் திரும்பும்போது எழும்பி, அவள் வாயைத் திறந்ததும் அடங்கிப்போகிற அந்த 15 விநாடி. கெசட்டில் கிடையாது, சீடியில் கிடையாது, எந்தக் கம்பனியும் வெளியிட்டதில்லை. அதனாலேயே அவருக்கு அது வேண்டும்.

டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது மௌன ராகம் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். "பாட்ட விடுங்க தம்பி, அது ஊருக்கே தெரியும். மோகன் என்னா பரிசு வேணும்னு கேக்குறாரு, ரேவதி டிவோர்ஸ் வேணும்னு சொல்லுது. அந்த எடத்துல என்னா வருதுன்னு கேட்டிருக்கீங்களா?" தம்பி கேட்டிருக்க மாட்டான். பிறகென்ன, பசறை போகும்வரை எல்லா வளைவிலும் பின்னணியார் வாயாலேயே வாசித்துக் காட்டுவார். வயலினுக்கு ஒரு குரல், செல்லோவுக்கு ஒரு குரல். பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் காரணம் வளைவுதான் என்று சொல்லிவிட முடியாது.

நடிகர்களை அவர் தரம் பிரிக்கிற முறையே வேறு. வாயை மூடிக்கொண்டிருப்பவர் நல்ல நடிகர். பேசுகிறவர் இசைக்குத் துரோகி. சிவாஜியை மதிக்கிறார், ஆனால் தூரத்திலிருந்து. மணிரத்னம் வசனத்தைக் குறைத்தது தமக்காகவே என்று மனப்பூர்வமாக நம்புகிறார். விசு படம் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். மௌன ராகமும் சம்சாரம் அது மின்சாரமும் ஒரே 1986ஆம் ஆண்டில் வந்தன என்று சொன்னபோது சற்று யோசித்துவிட்டு, "ஆண்டவன் கணக்குப் பாத்துத்தான் குடுக்குறான்" என்றார்.

இவருடைய பொற்காலம் டெக் காலம். வீடியோ டெக்கும் டீவியும் டவுனில் வாடகைக்கு எடுத்து, சடங்கு வீட்டிலோ திருவிழா முடிந்த இரவிலோ விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். லயத்துச் சனம் முழுவதும் இஸ்தோப்பிலும் வாசலிலும் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும். பின்னணியார் மட்டும் டீவிக்கு முன்னால், சவூதியிலிருந்து அக்கா கொண்டுவந்த டூ-இன்-ஒன் பெட்டியை அணைத்தபடி இருப்பார். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 90 நிமிடக் கெசட் இரண்டு. 45 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். அந்த 45ஆவது நிமிடத்தில் முக்கியமான காட்சி வைக்கிற இயக்குநருக்கு அறிவே கிடையாது என்பார். படம் தொடங்குமுன் எழுந்து நின்று, "யாரும் இருமக் கூடாது" என்று ஓர் அறிவித்தல் கொடுப்பார். ஊவா மலைக் குளிரில், நடுச்சாமத்தில், நூறு பேருக்கு முன்னால் கொடுக்கிற அறிவித்தல் இது!

அப்படிப் பதிவான நாயகன் கெசட்டை நான் கேட்டிருக்கிறேன். இளையராஜாவின் இசை எங்கோ தூரத்தில் இருக்கிறது. கிட்டத்தில் ஒரு கிழவி இருமுகிறாள், ஒரு பிள்ளை மூத்திரம் போகவேண்டும் என்கிறது, "வேலு நாயக்கரு பொண்டாட்டியச் சுட்டுட்டாய்ங்கடி" என்று ஒருத்தி முன்கூட்டியே கதை சொல்கிறாள், கடைசி லயத்து நாய் இரண்டாம் பக்கம் முழுவதும் குரைக்கிறது. பின்னணியாருக்கு இதொன்றும் கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இந்தா, இப்ப புல்லாங்குழல் வரும்" என்பார். வந்தது நாய்.

ஏன் இந்த இசையை யாரும் வெளியிடவில்லை என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படம் எடுத்து, வெட்டி ஒட்டி, டப்பிங் எல்லாம் முடிந்த பிறகு கடைசி வேலையாகத்தான் ரீ-ரெக்கார்டிங் நடக்கும். ரிலீஸ் தேதி தலைக்குமேல் நிற்கும். ரீல் ரீலாகத் திரையில் ஓட்டி, அதைப் பார்த்து நோட்டு எழுதி, வாத்தியக்காரர்களை உட்காரவைத்து வாசித்து முடிப்பார்கள். அந்த இசையை வசனத்தோடும் கதவுச் சத்தம், மழைச் சத்தம், அடிதடிச் சத்தத்தோடும் கலந்து படத்துக்குள் இறக்கிவிடுவார்கள். பாட்டுக்குக் காசு கொடுத்த கெசட் கம்பனி பாட்டின் டேப்பைப் பத்திரமாக வைக்கும். பின்னணி இசைக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. விற்காத சரக்கை யார் அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்கள்?

சனம் காசு கொடுத்து வாங்கியது கதை வசனத்தைத்தான். வெள்ளைக்காரன் படத்தின் இசையை நீட்டி முழக்கி வெளியிடுவான். நாம் படத்தின் பேச்சை நீட்டி முழக்கி வெளியிட்டோம். திருவிளையாடல் கதை வசனம் ஓடாத கோயில் திருவிழா மலையகத்தில் உண்டா? லவுட்ஸ்பீக்கரில் தருமி புலம்ப, கொழுந்து மலையில் நிற்கிற பெண்கள் அவனுக்கு முந்திக்கொண்டு அடுத்த வசனத்தைச் சொல்வார்கள். பின்னணியாருக்கு அது நெஞ்செரிச்சல். கே.வி. மகாதேவன் என்ற மனிதர் அந்தப் பேச்சுகளுக்கு இடையில் எங்கேயோ மூச்சுவிடாமல் கிடக்கிறார், அவரை யாராவது வெளியே எடுக்கக் கூடாதா என்று கேட்பார். 

நாயகன் தெலுங்கில் டப்பிங் ஆனது தெரிந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. டப்பிங்குக்கு வசனம் இல்லாமல் இசையும் ஓசையும் மட்டும் உள்ள தடம் ஒன்று தேவை. அது எங்கேயோ ஒரு தகர டப்பாவில் இருக்க வேண்டும். அந்த டப்பா தெலுங்கு நாட்டில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, விலாசம் தேடித் தருமாறு ஐயப்பன் கோயிலுக்குப் போன ஒருவரிடம் சொல்லியனுப்பினார். போனவர் இருமுடியைச் சபரிமலையில் இறக்கிவிட்டு நேரே வீடு வந்து சேர்ந்துவிட்டார். பின்னணியார் அவரோடு இன்றுவரை பேசுவதில்லை.

வெளிநாட்டிலும் இவருடைய சாதிசனம் இருப்பது பிற்பாடுதான் அவருக்குத் தெரிந்தது. வாஞ்ஜெலிஸ் இசையமைத்த பிளேட் ரன்னர் படம் வந்தது 1982இல். அதன் அசல் இசை தட்டாக வந்தது 1994இல். 12 வருடம் சனம் காத்துக் கிடந்தது. 1959இல் வந்த பென்ஹர் படத்தின் இசையை 2012இல் ஐந்து சீடியாக வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஸ்டார் டிரெக் என்ற பழைய தொலைக்காட்சித் தொடரின் இசை 15 சீடியில் வந்தது. பென்ஹரை பதுளையில் பார்த்த ஞாபகம் இருப்பதாகச் சொல்கிறார். ஸ்டார் டிரெக்கைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அந்த 15 அவரை உலுக்கிவிட்டது. தொலைக்காட்சித் தொடருக்கே 15 என்றால், மால்குடி டேஸுக்கு எல். வைத்தியநாதன் போட்ட இசைக்கு எத்தனை வர வேண்டும், இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனல் முகப்பிசைக்குத் தனியாக எத்தனை வர வேண்டும் என்று ஒரு கொப்பியில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். தொகை நம் நாட்டு வரவு செலவுத் திட்டம்போலத் துண்டு விழுகிறது.

பிபிலை பஸ்ஸின் சிங்களக் கண்டக்டர் ஒருவர் இவருக்குக் கூட்டாளி. அவர் இசையமைப்பாளர் பிரேமசிறி கேமதாசவின் ஆள். 1968இல் வந்த கொளு ஹதவத்த படத்தின் இசையைச் சீட்டுக் கிழித்துக்கொண்டே விசிலடிப்பார். பின்னணியார் ஜானி படத்து இசையை விசிலடிப்பார். இரண்டு பேருக்கும் மற்றவர் மொழியில் நாலு வார்த்தைக்குமேல் தெரியாது. பார்த்த மட்டில், இந்த மாகாணத்தில் வாக்குவாதமே வராத ஒரே சிநேகிதம் இதுதான்.

சண்டையெல்லாம் சொந்தச் சாதிசனத்தோடுதான். பதுளையில் இன்னொரு பின்னணியார் இருக்கிறார். இவரிடம் முள்ளும் மலரும் இருக்கிறது, அவரிடம் ராஜ பார்வை இருக்கிறது. மாற்றிக்கொள்வதில் இருவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் யார் முதலில் கொடுப்பது? ஒருவழியாகத் தைப்பொங்கலன்று மாற்றிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்ப் போட்டால், நல்ல உருக்கமான இடத்தில் வயலின் நின்று, "இது லுணுகலைப் பிரதி, மறுபதிவு செய்யக் கூடாது" என்று பின்னணியாரின் குரல். பதுளைக்காரர் ஆத்திரப்பட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். அவர் கொடுத்த கெசட்டில் மூன்று இடத்தில் பதுளைப் பிரதி என்று வந்தது.

வசனமே இல்லாத படம் ஒன்று வருகிறது, கமல் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று 1987இல் கேள்விப்பட்டபோது பின்னணியார் தூங்கவில்லை. பேசும் படம். அதற்கும் எல். வைத்தியநாதன்தான் இசை. சாதாரணக் கெசட் போதாது என்று சம்பளத்தில் அட்வான்ஸ் வாங்கி உயர்ந்த ரகம் இரண்டு வாங்கினார். டெக் வந்தது, படம் ஓடியது. வசனம் இல்லைதான். ஆனால் அது சிரிப்புப் படம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மூன்று லயத்துச் சனமும் தொடக்கம் முதல் முடிவுவரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த இரண்டு கெசட்டிலும் வேறெதுவும் இல்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. தேசிய விருதில் 2009ஆம் ஆண்டுப் படங்களுக்குப் பாட்டு வேறு, பின்னணி இசை வேறு என்று பிரித்துப் பரிசு கொடுத்தார்கள். பழசிராஜாவுக்காக அது இளையராஜாவுக்குக் கிடைத்தது. பின்னணியார் தமக்கே கிடைத்த மாதிரி லயம் முழுவதும் டொபி கொடுத்தார். 2013இல் பாட்டே இல்லாமல் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் வந்து, அதன் பின்னணி இசை தனியாகவே வெளியானது. வாழ்நாள் கோரிக்கை நிறைவேறிய ஆள் கும்பிட்டுவிட்டு உட்கார வேண்டாமா? உட்காரவில்லை. படத்தை ஒரு கையிலும் இசையை மறு கையிலும் வைத்து ஒப்புப்பார்த்து, எங்கே குறைகிறது என்று கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டார். இன்றைய படங்களுக்கோ, படம் வந்த சூட்டோடு பின்னணி இசையையும் போனில் ஏற்றிவிடுகிறார்கள். அதை அவர் தொடுவதே இல்லை. கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுவது மரியாதையில்லை என்பது அவருடைய கட்சி.

இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிற அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். வீட்டில் எந்நேரமும் ஏதோ ஓர் இசை ஓடிக்கொண்டிருக்கும். அவர் பேச வாயெடுத்தால் பின்னணியார் விரலை உதட்டில் வைப்பார். "இந்த வீட்டுல எனக்கு வசனமே குடுக்கலைங்க" என்று ஒருமுறை அந்த அம்மாள் எனக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் இல்லை. படம் பார்க்கிறவர் அவர்தான். வசனங்களெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

போன வருசம் கொழும்பில் வேலை செய்கிற மருமகன் ஒரு செய்தி கொண்டுவந்தான். குரலையும் இசையையும் தனித்தனியாகப் பிரிக்கிற செயலி வந்துவிட்டது, எந்தப் படத்தைக் கொடுத்தாலும் வசனத்தை உருவி எடுத்துவிடும் என்றான். பின்னணியார் குளித்து, விபூதி பூசி, ஒரு படத்தைக் கொடுத்தார். எந்தப் படம் என்று நான் எழுதினால் பதுளைக்காரர் சண்டைக்கு வருவார். செயலி கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இரண்டு கோப்பாகத் துப்பியது: ஒன்றில் இசை, மற்றதில் பேச்சு. இசை அவருடைய போனுக்குப் போனது. பேச்சை வீசப்போன மருமகனைத் தடுத்து, "அதை எனக்கு அனுப்புப்பா" என்று அத்தை வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு பின்னணியார் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கிழவி இல்லை, நாய் இல்லை. வயலின் வந்தது, புல்லாங்குழல் வந்தது, சொர்க்கம் வந்தது. அதற்குமேல் ஒரு பெண் குரலின் ஹம்மிங் வரவேண்டும். வரவில்லை. திரும்பப் போட்டார். அப்போதும் வரவில்லை. செயலிக்கு ராகமும் தெரியாது, பேச்சும் தெரியாது. மனுசி வாயிலிருந்து வந்ததெல்லாம் அதற்குக் குரல். வசனத்தோடு ஹம்மிங்கையும் கட்டி அந்தப் பக்கம் அனுப்பிவிட்டது.

குசினியில் அம்மாள் போனை அரிசிப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். பின்னணியார் வாசற்படியில் போய் நின்றார். "ஏ புள்ள, அந்த போனக் கொஞ்சம் குடு."

அம்மாள் திரும்பிப் பார்க்காமல் மாவுக் கையின் ஒரு விரலை உதட்டில் வைத்தார். "இருங்க. அது இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கு."