காருக்குள் ஒரு கர்ணம்

கலிபோர்னியா மாகாணத்தில் சான் ஹோசே நகரில் வாசம் செய்யும் என்னிடம் 2012-ஆம் வருஷத்துக் கார் ஒன்று உண்டு. அதன் முகப்புப் பலகையில், எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு ஆறு மாத காலமாக எரிந்துகொண்டிருந்தது. வண்டியோ வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே, கோவிலில் தூண்டாமணி விளக்கைத் தரிசிக்கும் பக்தனைப்போல, எரிவதே அதன் தர்மம் என்று எண்ணி நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் சமயத்தில் அந்த நிம்மதிக்குப் பங்கம் வந்தது. வயதான கார்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை 'ஸ்மாக் செக்' என்னும் புகைப் பரீட்சையில் தேறியாக வேண்டும் என்பது இந்த மாகாணத்துச் சட்டம். புகைக்குழாயில் ஏதேனும் கருவியைச் செருகி முகர்ந்து பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இந்தக் காலத்துக் கார்களுக்கு அந்த உபசாரமெல்லாம் கிடையாது. பரீட்சகர் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, 16 முனைகள் கொண்ட ஒரு பொருத்தில் கம்பியை மாட்டி, காரையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்தார். இத்தனை வருஷமாக என் செலவில் பெட்ரோல் குடித்து வந்த அந்த வாகனம், தாட்சண்யம் சிறிதுமின்றி, 'பி0456' என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டது. பெட்ரோல் ஆவி எங்கோ மிகச் சிறிய துவாரத்தின் வழியாகக் கசிகிறது என்பது அதன் தாத்பரியம். அரை மில்லிமீட்டர் துவாரத்தைக்கூடக் கார் கண்டுபிடித்துவிடுமாம்.

அதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சண்டைக்குப் போகவும் வழியில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் வாசிகளின் கண்ணைக் கரித்த மூட்டம், பெட்ரோல் ஆவியும் கார்ப் புகையும் வெயிலில் கூடிச் செய்கிற விபரீதமே என்பதை 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் நிரூபித்தவர் ஹாகன்-ஸ்மிட் என்னும் ரசாயன பண்டிதர். அதற்குமுன் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப் பழத்தின் மணத்தை. அவரை அன்னாசியோடு விட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

சிநேகிதர் ஒருவர், பாட்டரியின் இணைப்பைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால் காருக்கு ஞாபகம் போய்விடும் என்று உபாயம் சொன்னார். அப்படியே செய்தேன். விளக்கு அணைந்தது, கடிகாரம் பன்னிரண்டு மணிக்குத் திரும்பியது, ரேடியோ தான் அறிந்த நிலையங்களையெல்லாம் மறந்தது. தடயத்தை அழித்தவனுக்கே உரிய உற்சாகத்தோடு மறுபடி பரீட்சைக்குப் போனேன். மறுபடியும் தோல்வி. இம்முறை குற்றம், கார் மௌனம் சாதித்ததுதான். வண்டி தன் அங்கங்களைத் தானே சோதித்து எழுதி வைத்திருந்த முடிவுகளும் பாட்டரியோடு போய்விட்டன. அவற்றில் ஏறத்தாழ எல்லாமே மறுபடி பூர்த்தியாகும் வரையில் தேர்ச்சி கிடையாது. போதாக்குறைக்கு, பாட்டரியைக் கழற்றினாலும் அழியாத நிரந்தரக் குறிப்பு ஒன்று வேறு உள்ளே இருந்தது. அந்தக் காலத்தில் கிராமக் கணக்கு எழுதிவந்த எங்கள் ஊர்க் கர்ணத்தின் ஏட்டில் கிழிந்த பக்கமும் ஒரு பதிவாகத்தான் இருந்தது. அந்தக் கர்ணம் கடல் கடந்து வந்து என் காருக்குள் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

செய்த பாபத்துக்குப் பிராயச்சித்தமாக ஒரு விரதம் விதிக்கப்பட்டது. இரவு முழுவதும் வண்டி அசையாமல் குளிர வேண்டும். டாங்கியில் பெட்ரோல் கால் பங்குக்குக் குறையவும் கூடாது, முக்கால் பங்குக்கு மிஞ்சவும் கூடாது. விடியலில் கிளப்பி, நின்ற இடத்திலேயே சற்று உறும விட்டு, பிறகு நெடுஞ்சாலையில் மணிக்கு 55 மைல் என்ற ஒரே வேகத்தில், பிரேக்கைத் தீண்டாமல் போக வேண்டும். ஏகாதசிக்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு நியமம் இருந்ததில்லை. 280-ஆம் நெடுஞ்சாலையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஹாரன் முழக்கி ஆசீர்வதிக்க, விரதத்தை நிறைவேற்றினேன். ஆறாம் நாள் காலையில் சோதனைகள் யாவும் பூர்த்தியாயின. அதே காலையில் மஞ்சள் விளக்கும் திரும்பி வந்தது. காருக்கு மறதியை உண்டாக்குவதில் முனைந்திருந்த நான், துவாரத்தை அடைக்க வேண்டும் என்பதையே மறந்திருந்தேன்!

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் தாயாரிடம் இந்தப் புராணத்தைச் சொல்லி முடித்தபோது, அவர் காப்பிப்பொடி டப்பாவை இறுக மூடிக்கொண்டே, "ஏம்ப்பா, அதுக்கு மூடி சரியா இருக்கா, பார்த்தியா?" என்றார். போய்ப் பார்த்தேன். பெட்ரோல் டாங்கி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புது மூடி 18 டாலர். அதைத் திருகியபின் சில நாள் ஓட்டத்தில் விளக்கு தானாகவே அணைந்தது. கர்ணமும் நிரந்தரக் குறிப்பைத் தன் கையாலேயே அடித்துவிட்டார். மூன்றாம் முறை தேறினோம்.

ஆகவே கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம்: மஞ்சள் விளக்கு எரிந்தால் பாட்டரியின் பக்கம் போகாதீர்கள், முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்.